தைராய்டு மாத்திரையின் பக்க விளைவுகள்: எது மருந்தால், எது அளவால்?

தைராய்டு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை விரித்துப் படித்தவர்களுக்கு அச்சம் வருவது இயல்பு. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எடை இழப்பு, முடி உதிர்தல், வயிற்றுப்போக்கு, மாதவிடாய் மாற்றம், நெஞ்சு வலி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தினமும் விழுங்க வேண்டிய ஒரு மாத்திரைக்கு இத்தனை பக்க விளைவுகளா என்று சிலர் அதைத் தொடங்கவே தயங்குகிறார்கள். வேறு சிலர் யாரிடமும் கேட்காமல் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

முதலில் மாத்திரைக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன்களில் பெரும்பகுதி தைராக்ஸின். அதன் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் அதை டி4 என்பார்கள். கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி டி3 ஆக மாற்றுகின்றன. உயிரணுக்களுக்குள் சென்று முதன்மையாக வேலை செய்வது இந்த டி3தான். இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், உடல் எவ்வளவு வெப்பம் உண்டாக்க வேண்டும், குடல் எவ்வளவு விரைவாக அசைய வேண்டும், பழைய எலும்பு எவ்வளவு வேகத்தில் கரைந்து புதியது உருவாக வேண்டும் என்பனவற்றில் எல்லாம் அதற்குப் பங்கு உண்டு. சுரப்பி போதிய அளவு சுரக்காதபோது வெளியிலிருந்து அந்த ஹார்மோனை ஈடுகட்டுவதே இந்தச் சிகிச்சை.

இந்த எண்ணம் பழையது. ஜார்ஜ் மரே என்ற ஆங்கிலேய மருத்துவர் 1891-இல் ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைத் தைராய்டு குறைபாடு முற்றிய ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து பெற்ற அவர் 1919 வரை வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1920-களின் பிற்பகுதியில் சார்ல்ஸ் ஹாரிங்டன் அதன் சரியான அமைப்பைக் கண்டறிந்து ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். இன்று மாத்திரையாக விழுங்கும் லெவோதைராக்ஸின் அதே மூலக்கூறுதான். அதைச் செயற்கை ஹார்மோன் என்று சொல்லும்போது சிலருக்கு மனம் உறுத்துகிறது. ஆய்வகத்தில் உருவானது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு இங்கே பொருள் இல்லை. சுரப்பியில் பிறந்ததும் தொழிற்சாலையில் பிறந்ததும் அணுவுக்கு அணு ஒன்றே. இரத்தத்தில் கலந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று உடலால் பிரித்தறிய முடியாது.

பக்க விளைவு பற்றிய சிந்தனை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு வலி நிவாரணி வயிற்றில் புண்ணை உண்டாக்குகிறது என்றால், உடலுக்கு அந்நியமான ஒரு பொருள் தன் வேலை தேவைப்படாத இடத்திலும் வேலை செய்வதால் வரும் கேடு அது. சரியான அளவில் எடுத்தாலும் அது வரக்கூடும். தைராக்ஸின் உடலுக்கு அந்நியமான பொருள் அல்ல. தாளில் உள்ள பட்டியலை, தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளிடம் காணப்படும் அறிகுறிகளின் பட்டியலோடு அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே, ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தோன்றும்போது, ‘இந்த அளவு எனக்கு மிகுதியாக இருக்கிறதா?’ என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒத்துக்கொள்ளாமை என்று உண்மையிலேயே சொல்லத்தக்க நிலைகளும் உண்டு. அவை அரியவை, அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

அளவு மிகுவது எப்படி?

சுரப்பி அடியோடு இல்லாத, அல்லது முற்றிலும் செயலிழந்த, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மாத்திரையில் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி நிரப்புப் பொருள்தான். இவ்வளவு நுண்ணிய அளவில் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் கூடினாலும் குறைந்தாலும் உடல் அதை உணர்ந்துகொள்கிறது.

அளவு சரியா என்பதை அறிய உதவுவது டி.எஸ்.எச். பரிசோதனை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் தைராய்டைத் தூண்டுவதற்காக டி.எஸ்.எச். ஹார்மோனை மிகுதியாக அனுப்புகிறது. தைராக்ஸின் கூடினால் அதை அடக்கிக்கொள்கிறது. இரண்டும் எதிரெதிராக நகர்கின்றன என்பதால் புதிதாக அறிக்கையைப் பார்ப்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். டி.எஸ்.எச். இயல்பைவிடக் குறைந்திருந்தால் ‘தைராய்டு குறைந்திருக்கிறது, மாத்திரையைக் கூட்ட வேண்டும்’ என்று முடிவு கட்டுவது, இருக்கும் மிகுதியை மேலும் மிகுதியாக்கும் ஆபத்தான தவறு. மாத்திரை எடுப்பவரின் டி.எஸ்.எச். இயல்பின் கீழ் எல்லையான 0.4-க்கும் கீழே இறங்கினால், பெரும்பாலும் மாத்திரை தேவைக்கு மேல் போகிறது என்று பொருள். தைராக்ஸினில் ஏற்படும் சிறு மாற்றம் டி.எஸ்.எச்.-இல் பன்மடங்கு பெரிதாகத் தெரிவதால், உடம்பு எதையும் காட்டிக்கொள்ளாத கட்டத்திலேயே பரிசோதனை அதைச் சொல்லிவிடுகிறது.

மருத்துவர் அளவுக்கு மீறி எழுதிக்கொடுத்தால் மட்டும்தான் மிகுதி நேரும் என்றும் நினைக்க வேண்டாம். பல ஆண்டுகளாக ஒரே மாத்திரையை எடுத்துவருபவருக்கும் அது நேரலாம். வயது ஏறும்போது உடல் தைராக்ஸினைச் செலவழிக்கும் வேகம் குறைகிறது. நாற்பது வயதில் பொருந்திய அளவு எழுபது வயதில் பொருந்தாமல் போகலாம். உடல் எடை கணிசமாகக் குறைந்தாலும் தேவை குறையும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் குடலில் தைராக்ஸினைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுப்பவை. அவற்றோடு சேர்த்தே தைராய்டு மாத்திரையை விழுங்கி, அந்த இழப்பையும் உள்ளடக்கி அளவு நிர்ணயிக்கப்பட்ட ஒருவர், திடீரென அவற்றை நிறுத்தினால் அதே மாத்திரை இப்போது முழுவதுமாக உள்ளே போகத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளை நிறுத்துபவர்களுக்கும் இப்படி நேரலாம். உணவுக்குப் பின் எடுத்துவந்தவர் வெறும் வயிற்றுக்கு மாறினாலும் அப்படியே. மாத்திரையில் எதுவும் மாறாவிட்டாலும் உடலுக்குக் கிடைக்கும் அளவு மாறிவிடுகிறது.

எந்த உறுப்பில் என்ன நேர்கிறது?

மிகுதியை முதலில் உணர்வது பெரும்பாலும் இதயம். தைராய்டு ஹார்மோன் இதயத் துடிப்பின் வேகத்தையும் ஒவ்வொரு துடிப்பின் வலிமையையும் கூட்டுகிறது. அதனால் இதயத் தசைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடுகிறது. இளம் வயதினருக்கு இது படபடப்போடு நின்றுவிடலாம். முதியவர்களின் நிலை வேறு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலை அவர்களுக்கு ஏற்படக்கூடும். அப்போது இதய அறையில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும் அபாயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்ட மக்களைப் பற்றி 1994-இல் வெளியான ஓர் ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் டி.எஸ்.எச். 0.1 வரை தாழ்ந்தவர்களுக்கு, அடுத்த பத்தாண்டுகளில் இந்த ஒழுங்கற்ற துடிப்பு வரும் அபாயம் இயல்பான டி.எஸ்.எச். உள்ளவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று காட்டியது. அவர்கள் எல்லோரும் மாத்திரை எடுத்தவர்கள் அல்லர். தைராக்ஸின் எங்கிருந்து வந்தாலும் மிகுதி மிகுதிதான் என்பதையே அது காட்டுகிறது.

இதயத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. நீண்ட காலம் தைராய்டு குறைவாக இருந்தவரின் உடல் மந்தமாகவே இயங்கியிருக்கும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அடைப்பு இருந்தாலும் அந்த மந்தம் அதை வெளியே தெரியாமல் மறைத்திருக்கலாம். முழு அளவு மாத்திரையை ஒரேயடியாகத் தொடங்கினால், இதயத்தின் தேவை திடீரெனக் கூடி, மறைந்திருந்த அடைப்பு நெஞ்சு வலியாக வெளிப்படும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுவது இதனால்தான். மருத்துவர் வேண்டுமென்றே குறைவாகத் தருகிறார் என்று சலித்துக்கொண்டு தாமாகவே இரண்டு மாத்திரை விழுங்குபவர்கள், அந்தப் படிப்படியான ஏற்றம் தவிர்க்க முயலும் விபத்தைத் தாமே அழைத்துக்கொள்கிறார்கள்.

எலும்பு இதயத்தைப் போல எச்சரிக்கை கொடுப்பதில்லை. நம் எலும்புகள் இடைவிடாமல் கரைந்து மீண்டும் உருவாகின்றன. தைராய்டு ஹார்மோன் மிகும்போது இந்தச் சுழற்சி விரைவடைகிறது. கரைவதன் வேகத்துக்கு உருவாவது ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காவலாக இருக்கிறது. அது நின்ற பிறகு, பல ஆண்டுகள் மிகை அளவில் மாத்திரை எடுத்தால் எலும்பின் அடர்த்தி குறைந்து, சிறிய விழுதலிலேயே இடுப்பெலும்போ முதுகெலும்போ முறியும் நிலை வரலாம். சரியான அளவில் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை. தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு நோய் திரும்பாமலிருக்க டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். அவர்களுக்கு இது தெரிந்தே ஏற்கும் விலை என்பதால், எலும்பையும் இதயத்தையும் தனியாகக் கண்காணிப்பது வழக்கம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கை நடுக்கம், வெப்பம் தாங்காமை, மிகை வியர்வை, எரிச்சல், பதற்றம், உறக்கம் வராமை, அடிக்கடி மலம் கழிதல், நன்றாகப் பசித்து உண்டும் எடை குறைதல், தசைச் சோர்வு, மாதவிடாய் முறை மாறுதல் ஆகியவை எல்லாம் மிகுதியின் அடையாளங்களே. அளவைச் சரிசெய்தால் நீங்கிவிடுபவை. எடை குறைவதைப் பார்த்து இதை மெலிவதற்கான மருந்தாகப் பயன்படுத்தும் ஆசை சிலருக்கு வருகிறது. தைராய்டு இயல்பாக இருப்பவர்களுக்கு, சாதாரண அளவு எடையைக் குறைக்காது. எடை குறையும் அளவுக்கு விழுங்கினால் இதயம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அமெரிக்காவில் விற்கப்படும் இந்த மாத்திரையின் தகவல் தாளில் இந்த எச்சரிக்கை கட்டம் கட்டியே அச்சிடப்படுகிறது.

முடி உதிர்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையைப் பலர் கைவிடுவதற்கு அதுவே காரணமாகிறது. தைராய்டு குறைந்திருக்கும்போதே முடி உதிரும்; மிகுந்தாலும் உதிரும். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களிலும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தற்காலிகமாக உதிர்வது உண்டு. ஒவ்வொரு முடியும் வளர்ச்சி, ஓய்வு, உதிர்வு என்ற சுழற்சியில் இருக்கிறது. உடலில் பெரிய மாற்றம் நேரும்போது பல முடிகள் ஒருசேர ஓய்வுக்குள் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒருசேர உதிர்கின்றன. இன்று சீப்பில் வரும் முடி, மாத்திரைக்கு முன்பே ஓய்வுக்குப் போய்விட்ட முடியாக இருக்கலாம். அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்துவது, உதிர்வுக்குக் காரணமான குறைபாட்டையே திரும்பக் கொண்டுவருகிறது.

இதேபோல வேறு சில தொல்லைகளும் தவறாக மாத்திரையின் தலையில் ஏற்றப்படுகின்றன. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, எடை கூடுதல் ஆகியவை மிகுதியால் வருபவை அல்ல, குறைபாட்டின் அறிகுறிகள். மாத்திரை எடுக்கும்போதும் இவை தொடர்ந்தால், அளவு போதவில்லை, அல்லது விழுங்கியது முழுவதும் உள்ளே சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். டி.எஸ்.எச். இயல்பாக இருந்தும் சோர்வு நீங்காவிட்டால், இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, உறக்கக் கோளாறு போன்ற வேறு காரணங்களைத் தேடுவதே முறை, டி.எஸ்.எச்.-ஐ இன்னும் தாழ்த்திப் பார்ப்பது சரியான வழி ஆகாது.

உண்மையான ஒத்துக்கொள்ளாமை

தைராக்ஸினுக்கே ஒவ்வாமை ஏற்படுவது மிக மிக அரிது. ஆனால் மாத்திரையில் அதோடு சேர்ந்திருக்கும் நிறமி, லாக்டோஸ், பிசின் போன்றவை சிலருக்கு அரிப்பு, தடிப்பு, வயிற்று உப்புசம் ஆகியவற்றைத் தரலாம். பல நிறுவனங்கள் அளவை அடையாளம் காண்பதற்காக ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு நிறம் சேர்க்கின்றன. நிறமி சேர்க்காத வெள்ளை மாத்திரைக்கோ லாக்டோஸ் இல்லாத தயாரிப்புக்கோ மாறினால் தொல்லை நின்றுவிடுகிறது என்றால், குற்றவாளி ஹார்மோன் அல்ல என்று தெரிந்துவிடும். நிரப்புப் பொருளை எளிதாக எண்ணிவிட முடியாது என்பதற்கு 2017-இல் பிரான்சில் நடந்தது சான்று. அங்கே மிகப் பரவலாகப் பயன்பட்டுவந்த ஒரு லெவோதைராக்ஸின் மாத்திரையில் லாக்டோஸுக்குப் பதிலாக மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்க்கப்பட்டன. ஹார்மோன் அதே அளவுதான். ஆயிரக்கணக்கான நோயாளிகள் சோர்வு, தலைவலி, தூக்கமின்மை, தசை வலி, முடி உதிர்தல் என்று முறையிட்டனர். பழைய மாத்திரையும் புதியதும் சராசரியில் சமம் என்ற கணக்கு ஒவ்வொரு தனி மனிதருக்கும் பொருந்துமா என்ற விவாதம் எழுந்தது. பழைய தயாரிப்பையும் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடர்வது நல்லது என்றும், மாற்ற நேர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்வதன் பின்னணி இதுதான்.

வேறு நோயும் மருந்தும் சேரும்போது

சிலருக்குச் சரியான அளவே சிக்கலைக் கொண்டுவரலாம். சிறுநீரகங்களின் மேலே அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காத நிலையில் தைராக்ஸினைத் தொடங்கினால், அது கார்டிசாலை இன்னும் விரைவாகச் செலவழித்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குறைபாடு இருந்தால் அதை முதலில் சரிசெய்த பிறகே தைராய்டு மாத்திரை தொடங்கப்படும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை அளவு ஏறி, இன்சுலினையோ மாத்திரையையோ கூட்ட வேண்டிவரலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அதன் வீரியம் கூடி இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால், தைராய்டு அளவை மாற்றும்போதெல்லாம் உறைதல் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு மிக அரிதாக மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடுவதுண்டு. மாத்திரை தொடங்கிய குழந்தை விடாத தலைவலியையோ பார்வை மங்கலையோ சொன்னால் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

கர்ப்பிணிகள் பக்க விளைவுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்கு எப்போதும் பெரிய கவலையைத் தரும் செய்தி. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்ஸின் தாயிடமிருந்தே போகிறது. அந்தக் காலத்தில் பலருக்குத் தேவை ஏறத்தாழ 25 முதல் 50 விழுக்காடு வரை கூடுவதால், கர்ப்பம் உறுதியானவுடன் மருத்துவரைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டி4 மாத்திரைக்குப் பதிலாக டி3 சேர்ந்த மாத்திரைகளும், பன்றியின் தைராய்டை உலர்த்திப் பொடித்த மாத்திரைகளும் இயற்கையானவை என்ற பெயரில் சிலரை ஈர்க்கின்றன. மனித சுரப்பி வெளிவிடும் ஹார்மோனில் டி3 ஒரு பங்கு என்றால் டி4 ஏறத்தாழ பதினான்கு பங்கு. பன்றித் தைராய்டு மாத்திரையில் அது நான்கு பங்குதான். அதனால் விழுங்கிய சில மணி நேரத்தில் இரத்தத்தில் டி3 சட்டென உயர்ந்து படபடப்பைத் தரக்கூடும். இயற்கை என்ற சொல் இங்கே அளவைப் பற்றி எந்த உறுதியையும் தருவதில்லை.

தொல்லை தோன்றினால்

மருத்துவரிடம் போகும் முன் சில விவரங்களைக் குறித்துக்கொள்வது பயன்தரும்: மாத்திரையை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள், எவ்வளவு நேரம் கழித்து காபியோ உணவோ உட்கொள்கிறீர்கள், சுண்ணாம்பு அல்லது இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி இருக்கிறதா, அண்மையில் நிறுவனம் மாறியதா, எந்தப் புதிய மருந்து சேர்ந்தது அல்லது நின்றது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளை எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அவை சில பரிசோதனை முறைகளைக் குழப்பி, உடம்பில் இல்லாத மிகுதியை அறிக்கையில் காட்டக்கூடியவை. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அவற்றை நிறுத்திவைப்பது வழக்கம்.

அளவை மாற்றிய பிறகு பொறுமை தேவைப்படும். இரத்தத்தில் உள்ள தைராக்ஸினில் பாதி கழிய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். ஒருநாள் மாத்திரையை மறந்தாலும் பெரிதாக எதுவும் நேராமல் இருப்பது இதனால்தான். அளவைக் குறைத்த மறுநாளே படபடப்பு நின்றுவிடாததும் இதனால்தான். புதிய அளவில் இரத்தம் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் பிடிக்கும் என்பதால், அதற்கு முன் செய்யும் பரிசோதனை பாதி வழியில் எடுத்த கணக்காகவே இருக்கும். இந்தக் காத்திருப்பு நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் தூக்கமின்மைக்கும் பொருந்தும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், தாறுமாறாக ஓடும் துடிப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அவை வந்தால் அன்றே, அந்த நேரமே, அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும், போகும்போது மாத்திரைப் பெட்டியையும் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும்.